உங்கட கையும் என்ர கண்ணும்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதக் காலையில் நடந்தது இது. அந்த இயந்திரத்தடியில் அன்று நின்றது மூன்று பேர்தான்: நான், என்னோடு ஆறு வருடமாக அதே இயந்திரத்தில் நின்ற நண்பர், பக்கத்து இயந்திரத்தில் ஒரு போலந்துப் பெண். பார்க்க வருவதாகச் சொன்ன மேற்பார்வையாளர் இன்னும் வந்திருக்கவில்லை.

இறைச்சி அடைக்கும் பிளாஸ்டிக் தட்டுகளைச் சூட்டில் அழுத்திச் செய்கிற இயந்திரம். நண்பர் என்னைவிட இளையவர், யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பு வரை படித்தவர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தைக் கண்டாலே விலகிப் போய்விடுவேன். இயந்திரத்துக்குத் தொடுதிரை பூட்டிய நாளே எங்களுக்குள் வேலை பிரிந்துவிட்டது. டேனிஷில் வருவதை வாசித்து அழுத்துவது அவர். அச்சு மாற்றுவது, சிக்கியதை இழுப்பது, எண்ணெய், அழுக்கு எல்லாம் நான்.

“அண்ணை, உங்கட கையும் என்ர கண்ணும் சேந்தாத்தான் ஒரு முழு ஆள்” என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் அவர் லீவு எடுத்தால் ஏதாவது சாட்டுச் சொல்லி நானும் எடுத்துவிடுவேன், அவ்வளவு பயம். அதைப் பார்த்துத்தான் ஒருமுறை தன் காசில் என்னை மாலைக் கணினி வகுப்பில் சேர்த்துவிட்டார். ஒரு நாள் போனேன். எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. பிறகு போகவில்லை. காசைத் திருப்பித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அந்த மாசியில் குழுத் தலைவர் வேலை ஒன்று காலியானது. நண்பர் கேட்டிருந்தார். இயந்திரத்தைத் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார்கள்.

“அண்ணை, இண்டைக்கு நீங்கள் கிட்ட வரக்கூடாது.”

“தட்டுச் சிக்கினா?”

“நான் எடுக்கிறன். ஆறு வருசமாப் பாக்கிறன்தானே!”

பார்த்தார்தான். ஆனால் கையை உள்ளே விடுமுன் மேல் அச்சுக்குக் கீழே நான் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிடுவேன். இயந்திரத்தை நிறுத்தினாலும் சில வேளை அச்சு தானாக இறங்கும். அதை நான் அவருக்குச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. அந்த நேரத்தில் அவர் முகம் எப்போதும் திரைப் பக்கம்தான் இருக்கும்.

அன்று தட்டுச் சிக்கியது. திரையில் நிறுத்தினார், கதவைத் திறந்தார், கையை விட்டார். பெட்டிகள் அடுக்கிக்கொண்டு நின்ற நான் கட்டையை நினைத்து வாயைத் திறக்குமுன் அச்சு இறங்கிவிட்டது. அவர் கத்தினார்.

போலந்துப் பெண் ஓடி வந்து சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிட ஓடினாள். எல்லாம் நின்றது. ஆனால் அச்சு அவர் கைக்கு மேலேயே கிடந்தது. சூட்டு அச்சு. அதைத் தூக்கத் திரைக்குத்தான் போக வேண்டும். அவருக்கு எட்டவில்லை.

நான் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

“கையுறையைக் கழட்டுங்கோ அண்ணை! கையுறையோட வேலை செய்யாது!”

அதுகூட எனக்குத் தெரியாது.

“சிவப்பைத் திருப்பி விடுங்கோ... இப்ப திரையில, மேல, சாவி மாதிரி ஒண்டு. அமத்துங்கோ.”

“இலக்கம் கேக்குது தம்பி!”

“என்ர பிறந்த வருசம்.”

ஆறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். அவர் பிறந்த வருடம் எனக்குத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். ஒருமுறை பிழையாக அழுத்திவிட்டேன். மறுபடி சொன்னார். அதன் பிறகு இரண்டு அம்புக்குறிகள் வந்தன. “மேல போறது! கும்பிட்டுக் கேக்கிறன் அண்ணை, மேல போறது!” மேற்பார்வையாளர் ஓடி வந்தபோது அச்சு ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். குழுத் தலைவர் வேலை வேறொருவருக்குப் போனது. நண்பருக்கு இன்றுவரை நிரந்தர வேலை இல்லை. நான் அந்த வகுப்புக்குத் திரும்பப் போனேன், இந்தமுறை முடித்தேன். இப்போது திரையும் நான்தான், கட்டையும் நான்தான். சம்பளமும் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனாலும் மேல் அம்பை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் கேட்கிறது.

போன மாதம் வகுப்புக் காசு நானூறு குரோனரைத் தொலைபேசியிலேயே அவருக்கு அனுப்பினேன். அனுப்பத் தெரியும் என்று காட்டவும்தான். உடனே திருப்பி அனுப்பிவிட்டு போன் எடுத்துக் கதைத்தார்: “விரல் வளரட்டும் அண்ணை, எண்ணி வாங்கிறன்.” சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் வேலையை மற்றவர் கற்றுக்கொள்ளாமல் விட்டதற்கு விலை கொடுத்தது அவர் மட்டும்தான். என் பக்கத்தில் இன்னும் கொடுபடாமல் நிற்பது நானூறு குரோனர்.