ஒரே ஆளாகிப்போன இருவர்

தூத்துக்குடியில், கப்பல்களுக்கு மாலுமிகளை அனுப்பும் ஒரு நிறுவனத்தில் தரவுக் கட்டமைப்பைக் கவனிப்பது என் வேலை. எந்தத் தகவல் எங்கே இருக்க வேண்டும், எதோடு எது சேர வேண்டும் என்று வரைந்து கொடுப்பேன். ஆள் சேர்ப்பு, சம்பளம், மருத்துவம் என்று தனித்தனியாக ஓடிய மூன்று பழைய மென்பொருள்களை ஒன்றாக்கி, புதியதை ஓடவிட்டிருந்த வாரம் அது.

ஒரு நாள் மதியம், எங்கள் ஆட்கள் வேலை பார்த்த ஒரு கப்பலிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கயிறு அறுந்து அடித்ததில் ஒரு மாலுமிக்குப் பலத்த காயம், நினைவில்லை, கொழும்புக்குக் கொண்டுபோகிறார்கள். பெயர் மட்டும்தான் இருந்தது. கணினியில் தேடினேன். ஒரே ஆள், ஊர் புன்னைக்காயல், கூடவே மனைவியின் கைபேசி எண்.

"வீட்டுக்குச் சொல்லிரும்மா," என்றார் மேலாளர். "வெளிய கேட்டுத் தெரிஞ்சா நம்மளச் சும்மா விடுவாவளா?"

எண்ணை அழுத்தப் போனபோதுதான், மின்னஞ்சலின் அடியில், அந்தக் கப்பலில் இருந்த எங்கள் ஆட்களின் எண்ணிக்கை கண்ணில் பட்டது. எங்கள் புதிய மென்பொருளின் கணக்கில் ஒருவர் குறைந்தார். கை நின்றுவிட்டது.

பழைய பதிவுகளை ஒன்றாக்கும்போது, பெயர், தகப்பன் பெயர், மாவட்டம் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்பது தலைமை அலுவலகம் வகுத்த விதி. எங்கள் கடற்கரையிலோ ஒரே புனிதரின் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். பழைய சம்பள மென்பொருளைத் திறந்தேன். அந்தப் பெயர் இரண்டு முறை வந்தது. ஒருவர் புன்னைக்காயல், மற்றவர் ஆலந்தலை. இருவரும் அதே கப்பலில்.

"சிடிசி நம்பர் கேக்கணும் சார்," என்றேன். மாலுமியின் அடையாளப் புத்தகத்தில் உள்ள அந்த எண் ஆளுக்கு ஆள் வேறு. உடனே கப்பலுக்கு எழுதிக் கேட்டோம்.

பதில் வருவதற்குள் என் மேசைத் தொலைபேசி அடித்தது. புன்னைக்காயல்காரரின் மனைவி.

"மேடம், கப்பல்ல யாருக்கோ அடிபட்டிருக்காம்லா? வாட்ஸ்அப்ல வருது. எங்க வீட்டுக்காரவியளுக்கா?"

"அடிபட்டது உண்மைதாங்க்கா. யாருன்னு இன்னும் உறுதியாகல."

"அவிய பேரைத்தான் சொல்லுதாவ மேடம்."

"அதே பேர்ல அந்தக் கப்பல்லயே இன்னொருத்தரும் இருக்காரு. கொஞ்சம் பொறுங்கக்கா."

அவள் தொலைபேசியை வைக்கவில்லை. "மாதாவே, மாதாவே" என்ற முணுமுணுப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவழியாகப் பதில் வந்தது. எண்ணைப் பழைய பதிவோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டேன். ஆலந்தலை.

"உங்க வீட்டுக்காரர் இல்லக்கா."

அவள் வாய்விட்டு அழுதாள். அழுகை சட்டென்று நின்றது. "அப்போ ஆலந்தலைக்காரவியளா? அந்தப் பொண்ணு மாசமா இருக்காளே மேடம்."

ஆலந்தலை வீட்டுக்குப் போனில் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மேலாளரும் நானும் காரில் போய், அந்த ஊர் தேவாலயத்துப் பங்குச் சாமியாரையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குச் சென்றோம். எங்களைப் பார்த்ததுமே அந்தக் கர்ப்பிணிப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உசுரு இருக்கா?"

"இருக்கு," என்றார் சாமியார்.

ஆலந்தலைக்காரர் பிழைத்தார். இடுப்பெலும்பு முறிந்து, பல மாதம் கழித்துத் தடியூன்றி நடந்தார். மறுபடி கப்பலேறவில்லை. புதிய மென்பொருளை விபத்துக்கு மறுநாளே நிறுத்தியிருந்தோம். சிடிசி எண்ணை அடிப்படையாக்கி, ஒன்றாகிப்போனவர்களை ஒவ்வொருவராகப் பிரித்தோம். இன்னும் சில ஜோடிகள் கிடைத்தன. ஒவ்வொரு முறையும் இருவரும் ஒரே கப்பலில் இருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்த்தேன்.