வெள்ளையடித்த பலகைகள்

ரத்தினம் டீச்சர் இறந்த செய்தி வந்தபோது நான் மாணவிகளுக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். விடுதிக் கண்காணிப்பாளரான எனக்கு அது அன்றாட வேலை. அந்தக் கடிதக் கட்டுக்குள்ளேயே பாபநாசத்திலிருந்து அவர் தம்பி எனக்கு எழுதியதும் இருந்தது. நான்கு நாள் காய்ச்சலாம். அவரோடு வேலை பார்த்தவர்களுக்காகவும் அவரிடம் படித்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அவர் எங்கள் கல்லூரியில் சரித்திரம் கற்பித்தார். பள்ளிப் படிப்பை முடித்து வருகிறவர்களுக்கான எஃப்.ஏ. வகுப்பில் அப்போது ஏழு பெண்கள். தெருவில் போகும் ஆண்கள் பார்த்துவிடக் கூடாதென்று வகுப்பறை ஜன்னல்களைப் பலகையடித்து மூடியிருந்தார்கள். பகலிலும் அறை மங்கலாக இருக்கும். பெண்கள் பாடத்தைக் கேட்டார்கள், எழுதினார்கள், மறந்தார்கள்.

"இருட்டுல உக்காந்து என்னத்தப் படிப்பாளுவோ" என்று ரத்தினம் ஒரு நாள் சுண்ணாம்பும் நீலமும் காவியும் கரைத்து எடுத்து வந்தார். ஜன்னலுக்கு வெளியே இருப்பதாக நினைப்பதைப் பலகைகளில் வரையச் சொன்னார். பலகை பலகையாகப் பாபநாசத்து அருவியில் தொடங்கிக் கொற்கைவரை ஆறு ஓடியது. ஒருத்தி அதில் முதலை போட்டாள். "இருக்கட்டும்ட்டீ, காலேஜைப் பாக்க இன்ஸ்பெக்டர் வந்தா அவருக்குப் பேச்சுத்துணை ஆச்சு" என்றார் ரத்தினம்.

கடைசிப் பலகை வேலம்மாளுடையது. அரையாண்டுப் பரீட்சையில் தேறாவிட்டால் கூட்டிப்போய்க் கல்யாணம் முடிப்பதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். பழைய கொற்கைத் துறைமுகத்தை வரைய வேண்டி, கப்பல் எப்படியிருக்கும், முத்தை யார் வாங்கினார்கள், கடல் ஏன் விலகியது என்று கேட்கத் தொடங்கினாள். பதில் தேடி நூலகத்தில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்து வராத பெண்ணை நான் அதுவரை கண்டதில்லை. தேறினாள். "ஆண்டுப் பரீட்சை வரைக்கும் பாக்கேன்" என்று அப்பா தவணை தந்தார்.

இன்ஸ்பெக்டர் வருமுன் கண்ணில் படுவதற்கெல்லாம் வெள்ளையடிப்பது எங்கள் வழக்கம். ரத்தினம் அப்போது விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். முதல்வர் அந்தப் பலகைகளை அழிக்க உத்தரவிடவில்லை. நானாகவே பயந்து அந்தப் பலகைகளுக்கும் அடிக்கச் சொன்னேன். வேலம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். இன்ஸ்பெக்டர் அந்த அறைக்குள் வரவே இல்லை.

திரும்பி வந்த ரத்தினம் மறுபடி வண்ணம் கரைத்தார். மற்றவர்கள் வரைந்தார்கள். வேலம்மாள் தூரிகையைத் தொடவில்லை. "மறுபடியும் அடிச்சிருவாவ டீச்சர்" என்றாள். அதற்குப் பிறகு புத்தகத்தையும் அவள் திறந்து நான் பார்க்கவில்லை. ஆண்டுப் பரீட்சையில் தவறினாள். அரையாண்டுக்கு முன் அப்பா கூட்டிப்போவதாகச் சொன்னபோது தூணைப் பிடித்துக்கொண்டு அழுதவள், இம்முறை அப்பா "போவமா தாயி?" என்றதும் பெட்டியோடு வண்டியேறினாள்.

அன்று சாயங்காலம் ரத்தினம் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பைய என்னருகில் வந்து உட்கார்ந்தார். "ஏங்க்கா, அடிக்கதுக்கு முன்ன அவகிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி. இப்போது எதைச் செய்யுமுன்னும் பெண்களிடம் கேட்கிறேன். வெளியே போக வேண்டும் என்கிறார்கள். அதற்கு அனுமதி தரும் அதிகாரம் எனக்கில்லை. இந்த மதிலைத் தாண்ட நானும் முதல்வரைக் கேட்க வேண்டியவள். அதை அவர்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். மறுநாளும் அவர்களிடம் போய், என்ன வேண்டும் என்று கேட்கிறேன்.