கோப்பியும் மகளின் தொடையெலும்பும்

ஆஸ்பத்திரியில் என் மகளுக்குக் கோப்பி கொடுக்கிறார்கள் என்றுதான் முதலில் நம்பினேன். சிரிக்காதீர்கள். நாற்பத்தாறு வயது ஆள் நான். சுங்கை காடுட் தொழிற்சாலையில் முப்பது பேரை மேய்க்கிறவன்.

நாள் நிறைய இன்னும் மூன்று மாதம் இருக்கும்போதே பிறந்தவள் அவள். ஒரு சீனிப் பாக்கெட் கனம்கூட இல்லை. "மூச்சு விட மறந்து போறா அண்ணே. ஞாபகப்படுத்தத்தான் கஃபீன்" என்றார் நர்ஸ் மிஸ்ஸி.

"வெறும் கோப்பி ஓவா, பால் ஊத்தியா?"

"மருந்து-லா அண்ணே. சும்மா இருங்க."

வாய்தான் கேலி பேசியது, கண் அவள் குச்சிக் கால்களிலேயே இருந்தது. கோப்பி எலும்பைக் கரைக்கும் என்பது நான் வளர்ந்த தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த மருத்துவம்.

ஆறாவது வாரம் ரத்தம் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: எலும்பு பலவீனம். கடைசி மூன்று மாதத்தில் தாய் வயிற்றில் சேர வேண்டிய சுண்ணாம்புச் சத்து இவளுக்குச் சேரவில்லை. கஃபீனும் கொஞ்சத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். அதற்குத்தான் சத்து மருந்து சேர்க்கிறோம். மெதுவாகத் தொடுங்கள். இத்தனையில் என் காதில் விழுந்தது கஃபீன் ஒன்றுதான்.

எங்கள் பக்கம் பிள்ளையைக் குளிப்பாட்டினால் எண்ணெய் தடவி, கைகாலை நீவி இழுத்துவிடுவார்கள். எலும்பு உரமேறுமாம். மறுநாள் சிலுவார் பாக்கெட்டில் எண்ணெய்க் குப்பியோடு போனேன். என் சட்டையைத் திறந்து, சூடு கொடுக்க அவளை நெஞ்சில் போட்டுக்கொள்ளும் நேரம். மிஸ்ஸி அந்தப் பக்கம் திரும்பியதும் வலது காலைத் தடவி இழுத்தேன்.

வீறிட்டாள். அவள் மூச்சைக் கவனிக்கும் மெஷினும் கத்தியது. மிஸ்ஸி ஓடி வந்தார்.

"நான் ஒன்னும் செய்யலையே" என்றேன், எண்ணெய் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு.

காலையில் தொடை வீங்கியிருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். "யாராவது காலை இழுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். என் மனைவி மிஸ்ஸியைப் பார்த்த பார்வையில் சந்தேகம் இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. அப்போதும் நான் என் காலில் கிடந்த சப்பாத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, இழுத்தது நான்தான் என்று சொன்னேன்.

"உங்களுக்கு எல்லாமே வெளையாட்டுதானா?" என்றாள் மனைவி.

விளையாட்டே இல்லாமல் நான் செய்த காரியம் அது.

கஃபீனை அன்று நிறுத்தவில்லை. மகளுக்கு மூச்சு அப்போதும் மறந்துகொண்டுதான் இருந்தது. தொடையெலும்பில் விரிசல் விழுந்தது நான் இழுத்ததால். மூன்று வாரத்தில் எலும்பு ஒட்டிக் கூடிவிட்டது.