டெம்போ கதவில் ரெண்டு தட்டு

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பிறந்ததிலிருந்து எனக்கு எல்லாமே இருட்டுதான். அப்படிப் பார்த்தால் எங்கள் ஊரிலேயே அதிகப் பேய் பார்த்திருக்க வேண்டியவள் நான். ஆனால் பேய்க்கு நான் பயந்ததில்லை. லாரிக்குத்தான் பயம். அப்பா லாரி ஓட்டியவர் என்பதால் அந்தப் பயத்தை எங்கள் வீட்டில் சோற்றோடு பிசைந்து ஊட்டினார்கள்.

நாமக்கல்லில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே நாக்பூர், கான்பூர் வரை போய் வந்தவர் அவர். ஊர் திரும்பினால் வழியில் கண்ட விபத்துகளைச் சாப்பிடும்போதுதான் சொல்வார். "ஒரு சைக்கிள்காரன்" என்று ஆரம்பித்தாலே அம்மா தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அந்தக் கதைகளில் எந்தச் சைக்கிள்காரனும் பிழைத்ததாக எனக்கு நினைவில்லை. என்னோடு வெளியே வந்தால் அப்பா என் கையைப் பிடிக்கமாட்டார், மணிக்கட்டைப் பிடிப்பார். கை நழுவும், மணிக்கட்டு நழுவாது என்பது அவர் கட்சி. வேலைக்குப் போகத் தொடங்கி, ஆட்டையாம்பட்டியிலிருந்து சூரமங்கலத்துக்குத் தனியாகப் பஸ் ஏறி இறங்கிய பிறகும், அவரோடு வெளியே போனால் என் மணிக்கட்டு அவருடையதாகவே இருந்தது.

அப்பேர்ப்பட்ட வீட்டிலிருந்து நான் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான். காஷ்மீரில் கிளம்பிக் கன்னியாகுமரிவரை போகிற பயணம் அது. கால் இழந்தவர்களுக்கும் பார்வை இல்லாதவர்களுக்கும் வேண்டிய கருவிகளுக்காக வழியெல்லாம் உதவி கேட்டுக்கொண்டே வந்தார்கள். அவர்களிடம் இருவர் மிதிக்கும் நீளச் சைக்கிள் ஒன்று இருந்தது. முன் இருக்கையில் கண் தெரிந்தவர், பின் இருக்கையில் கண் தெரியாதவர். அந்தந்த ஊர் வந்ததும் பின் இருக்கை அந்த ஊர்க்காரருக்கு. சேலத்திலிருந்து நாமக்கல்வரை எனக்கு.

என் முறைக்கு முன்னால் உட்கார்ந்தவர் சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. நான் அக்கா என்பேன். அதே மாதிரி ஒரு சைக்கிளை எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்து, தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் சூரமங்கலம் ரயில்வே குடியிருப்புச் சாலைகளில் என்னைப் பழக்கினார். பின் இருக்கையில் பிரேக் கிடையாது, திருப்ப முடியாத ஒரு கைப்பிடி மட்டும் உண்டு. அவர் சொல்லைக் கேட்டு மிதிக்க வேண்டும், நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். "மிதி" என்றால் மிதி. "விடு" என்றால் காலை அசைக்காதே. "மேடு" என்றால் வேகத்தடை, இருக்கையிலிருந்து லேசாக எழு. காலியான தெருவில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. ஒருமுறை வேப்பமரத்தடியில் சேர்ந்து விழுந்தபோதுகூடச் சிரித்தோம்.

வீட்டில் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பொறகால காவலுக்கு ஒரு வண்டி வருமில்ல, அத ஆரு ஓட்டறாங்க?" என்று மட்டும் கேட்டார். மறுவாரமே தெரிந்தவர் ஒருவரின் டெம்போவை இரவல் வாங்கி வந்து, அதில் ஒரு ஏர் ஹாரனையும் மாட்டிவிட்டார். அதை அவர் அடித்துப் பார்த்ததில் பக்கத்து வீட்டுத் தறி நின்றுபோனது.

பயணத்தன்று காலை சேலத்தைத் தாண்டி, கொண்டலாம்பட்டிக்குப் பக்கத்தில் சைக்கிள் எனக்காக நின்றது. ஓமலூரிலிருந்து அதுவரை பின்னால் உட்கார்ந்து வந்தவர் இறங்கி எனக்குக் கை கொடுத்தார். "ஒன்னும் பயமில்லீங்க, சும்மா போலாமுங்க" என்றார். அவர் கை சில்லிட்டு, தண்ணீரில் நனைத்ததுபோல வியர்த்திருந்தது. அந்தக் கையைப் பிடிக்காமலேயே இருந்திருக்கலாம். அப்பா குனிந்து சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். புது லாரி கிளம்பும்போது செய்வதை எங்களுக்கும் செய்தார். முன்னால் அக்கா "மரியே" என்று முனகினார். இரண்டு சாமிகளும் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்து ஏறினேன். பழம் நசுங்கிய வாசனை மூக்கில் ஏறியது.

நெடுஞ்சாலை என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. லாரி வருவது முதலில் தார்ச்சாலையில் தெரியும், இருக்கைக்கடியில் ஒரு அதிர்வாக. பிறகு சத்தம். பிறகு காற்று நம்மை இடதுபக்கம் தள்ளும். தள்ளியது முடிந்தது என்று மூச்சு விடும்போது, லாரியின் பின்பாகம் கடக்கும், அதே காற்று இப்போது நம்மை அதன் சக்கரத்துப் பக்கம் இழுக்கும். இந்த இழுப்பைப் பற்றி எந்த ஞாயிற்றுக்கிழமையும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அப்பாவின் கதைகளில் வந்த சைக்கிள்காரர்கள் எல்லோரும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் ஹாரன். பின்னால் லாரி வந்தால் அடித்தார். எதிர்ப்பக்கம் வந்தாலும் அடித்தார். ஓரமாக நின்ற பைக்குக்கு, ரோட்டோரத்து ஆட்டுக்கு, எதுவும் இல்லாத வெறும் ரோட்டுக்கும் அடித்தார். என் மணிக்கட்டை அவ்வளவு தூரத்திலிருந்து பிடிக்க அவருக்கு வேறு வழி இல்லை என்று எனக்குப் புரிந்தது. ஆரம்பத்தில் தைரியமாகக்கூட இருந்தது.

மல்லூருக்கு முன்னால், அக்கா "மேடு" என்று சொல்லியிருக்கிறார். ஹாரன் அதை விழுங்கிவிட்டது. நான் முழு வேகத்தில் மிதித்துக்கொண்டிருந்தேன். வேகத்தடையில் சைக்கிள் எகிறியது, என் வலது கால் மிதியிலிருந்து நழுவியது, நான் சரிந்ததில் சைக்கிளும் வலதுபக்கம், அதாவது ரோட்டுப் பக்கம், சாய்ந்தது. ஒரு லாரி உரசும் தூரத்தில் போனது. அதன் சூடு என் முழங்காலில் பட்டது. அக்கா எப்படியோ சைக்கிளை இழுத்துப் பிடித்து ஓரத்தில் நிறுத்தினார். ரப்பர் வேகும் நாற்றம் அடித்தது, ஏதோ பழைய டயருக்கு ரப்பர் ஒட்டும் ரீட்ரேடிங் கடை வாசல். மே மாதத்து வெயிலில் எனக்குக் குளிரெடுத்தது.

அப்பா ஓடி வந்தார். வந்ததும் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதுஞ் சாமி. வண்டில ஏறு. ஊட்டுக்குப் போயரலாம்."

"நீங்க ஹாரன் அடிச்சதுலதானுங்கப்பா அக்கா சொன்னது கேக்கல."

"அடிக்காட்டி லாரிக்காரனுக்கு எப்பிடித் தெரியும்?"

"அவனுக்குத் தெரியுதோ இல்லியோ, எனக்கு அக்கா பேச்சு கேக்கோணுமில்ல? இனிமே அதத் தொடாதீங்க."

எனக்குக் கோபம் வந்தால் முன்பின் பார்ப்பதில்லை. கையை உதறிக்கொண்டேன். அவர் டெம்போவுக்குத் திரும்பிப் போனார். அக்கா என் முதுகைத் தட்டி, "ஏறும்மா, யோசிச்சா ஏறமாட்ட" என்றார். ஏறினேன்.

அதன் பிறகு ஹாரன் இல்லை. கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்ததும்தான் உண்மையான பயம் வந்தது. பின்னால் அப்பா இருக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. டெம்போ இன்ஜின் சத்தத்தைத் தேடினேன். லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவில் எது அவருடையது என்று பிரிக்க முடியவில்லை. கோபித்துக்கொண்டு நின்றுவிட்டாரோ, இல்லை வேறு ஏதாவது வண்டி நடுவில் புகுந்துவிட்டதோ.

"அக்கா, அப்பா வர்றாருங்களா?"

"திரும்பிப் பாத்தா ஹேண்டில் ஆடிரும்மா. வருவார், நீ மிதி."

வருவார். எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. முதுகெல்லாம் காதாக உட்கார்ந்திருந்தேன். கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததில் விரல்கள் மரத்துப்போயின. இறங்கிவிடு என்று ஒவ்வொரு லாரியும் சொன்னது. என் பிடிவாதத்துக்காக இந்த அக்காவும் சாக வேண்டுமா என்றுகூட நினைத்தேன். அவருக்கு வீட்டில் இரண்டு குழந்தைகள்.

ஆண்டகளூர் கேட்டில் தண்ணீர் குடிக்க நிறுத்தினார்கள். டெம்போ பின்னாலேயே வந்து நின்றது. அப்பா இறங்கி வந்து ஒரு எட்டு தள்ளியே நின்றார். பீடி வாசனையில் தெரிந்துகொண்டேன். பீடியை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது, எங்கே வாங்கினாரோ.

"அப்பா, கிளீனர் தட்டுவாங்கல்ல, அதாட்டத் தட்டுங்க" என்றேன்.

சின்ன வயதில் பள்ளி விடுமுறையில் அவர் கேபினில் உட்கார்ந்து பக்கத்து ஊர் லோடுக்குப் போயிருக்கிறேன். கிளீனர் வண்டியின் உடம்பில் கையால் அறைவார். ரெண்டு தட்டு என்றால் போலாம். ஒரு தட்டு என்றால் நில். நான் முதலில் படித்த பாஷையே அதுதான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். சாப்பிட்டு முடித்தால் தரையில் ரெண்டு தட்டு தட்டுவேனாம்.

அப்பா பீடியைச் செருப்பில் தேய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "கேக்குமா சாமி உனக்கு?" என்றார்.

"நீங்க தட்டுங்க. கேக்கும்."

அங்கிருந்து கிளம்பியதும் கேட்டது. தப், தப். ஜன்னலுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டு டெம்போ கதவில் அறைகிறார். இரைச்சலில் சின்னதாக, ஆனால் அதற்குள் கலக்காமல். பயம் போகவில்லை. லாரி வந்தால் கைப்பிடியை இறுக்கினேன். ஆனால் தப், தப் கேட்டதும் பிடி தளர்ந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்தார், "உங்கப்பா என்ன, மேளம் அடிக்கிறாரா?" என்று.

புதுச்சத்திரம் தாண்டிக் கோழிப்பண்ணை நாற்றம் வரத் தொடங்கியது. நாமக்கல் நெருங்குகிறது என்று எனக்கு அதுதான் கைகாட்டி. வலதுபக்கம் ஒரு பெரிய வண்டி எங்களுக்கு இணையாக வந்துகொண்டிருந்தது. தாண்டிப் போகிற வண்டி இவ்வளவு நேரம் பக்கத்தில் இருக்காதே என்று தோன்றியபோது, தப்.

ஒன்றுதான். அடுத்த தட்டுக்குக் காத்தேன். வரவில்லை.

"நில்லுங்கக்கா" என்று கத்தினேன். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. பிரேக் கிறீச்சிட்டது, என் நெற்றி அவர் முதுகில் மோதியது. அந்த வண்டி எங்களுக்கு முன்னால் இடதுபக்கம் ஒடித்துத் திரும்பியது. நீளமான டிரெய்லர். ஒவ்வொரு டயராக, ஒவ்வொரு டயராக, எங்கள் முன்சக்கரத்துக்கு எதிரே உருண்டு போய்க்கொண்டே இருந்தது. ஓரத்துப் பெட்ரோல் பங்குக்குள் போகிறது என்று அக்கா பிறகு சொன்னார். அப்போது அவர் சொன்னது "மரியே, மரியே" மட்டும்தான். நான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா இன்றுவரை சொல்லமாட்டேன் என்கிறார்.

பின்னாலிருந்து சத்தமே இல்லை. அந்த இடைவெளியைப்போல நீளமான ஒன்றை நான் அறிந்ததில்லை. பிறகு கேட்டது. தப், தப். போலாம்.

நாமக்கல்லில் பயணக்காரர்கள் தங்கவிருந்த பள்ளி மைதானத்தில் மேளம், மாலை, மைக்கில் யாரோ ஒருவரின் முடியாத பேச்சு. சைக்கிளிலிருந்து இறங்கினேன். அப்பா வந்து மணிக்கட்டைப் பிடித்தார். ஏதோ வித்தியாசமாக இருந்தது. இடது கையால் பிடித்திருந்தார். அவர் எப்போதும் வலது கைதான்.

"அந்தக் கை எங்கீங்கப்பா?"

"இருக்குது, இருக்குது."

தேடிப் பிடித்தேன். உள்ளங்கை பன் மாதிரி வீங்கிக் கொதித்துக்கொண்டிருந்தது. விரல் வீங்கியதில் மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. ஆண்டகளூர் கேட்டிலிருந்து அதுவரை விடாமல் அந்தத் தகரத்தில் அடித்திருக்கிறார். என் மணிக்கட்டைச் சுற்றியே இருந்த கையின் உள்ளங்கையை நான் அன்றுதான் தொட்டுப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

"கதவு கொஞ்சம் கெட்டி, வேறொன்னுமில்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏஞ் சாமி, நாளைக்குப் பொறகால ஆரு உக்கார்றாங்க?"

பரமத்திப் பக்கத்திலிருந்து கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் வருகிறாள், கரூர்வரை போவாள் என்றேன்.

"அந்தப் புள்ளைக்குத் தட்டறதுக்கு ஆளு இருக்குதான்னு கேளு."

கேட்டேன். வேறொரு வண்டி வரும், அதில் நல்ல ஹாரன் இருக்கிறது என்றார்கள் பயணக்காரர்கள்.

மறுநாள் விடிந்ததும் அப்பா டெம்போவை எடுத்தார். வலது கையில் இரவே வீட்டில் அம்மா மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றியிருந்தார். ஸ்டியரிங் பிடிக்கும், அடிக்காது. அதனால் இடதுபக்கம், கிளீனர் உட்காரும் சீட்டில் நான் ஏறினேன். நாமக்கல்லில் புறப்படும்போதே அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, ஒன்று என்றால் என்ன, ரெண்டு என்றால் என்ன என்று சொல்லிவிட்டேன். அவள் கை சில்லென்று இருந்தது. பயமில்லை என்று நான் சொல்லவில்லை.

"ரெண்டு" என்றார் அப்பா.

ஜன்னலுக்கு வெளியே கையை விட்டேன். அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று விரல்களைச் சேர்த்துக்கொண்டேன். தட்டினேன்.