ரவுண்டபவுட்டில் பிடுங்கிய மருந்து

மார்பில் வந்த கட்டியைவிட, அதற்கு மருந்து சொல்ல வந்த கூட்டம்தான் எனக்குப் பெரிய வியாதி. பஹ்ரைன் ஈசா டவுனில் எங்கள் ஃபிளாட்டுக்கு வெள்ளிக்கிழமையானால் ஆட்கள் வந்துவிடுவார்கள். லீவு முடிந்து ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருத்தர் பெட்டியிலும் எனக்கென்று ஒரு பொட்டலம் இருக்கும். முள்சீத்தா இலை, வேப்பங்கொழுந்துப் பொடி, இன்னும் என்னென்னவோ. ஒரு பாட்டில் ஊறுகாய் கேட்டால் பெட்டியில் வெயிட் மிச்சமில்லை என்பவர்கள், இலைக்கு மட்டும் எப்படியோ இடம் கண்டுபிடித்துவிடுவார்கள். பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டு, அவர்கள் படியிறங்கினதும் குப்பையில் போடுவேன்.

ஆஸ்பத்திரியில் அறுத்தெடுத்துவிட்டு ஆறு கீமோ சொல்லியிருந்தார்கள். இரண்டு முடிந்திருந்தது. மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளுக்காக மீதி நாலும் நாள் தவறாமல் நடக்க வேண்டும், எனக்கு வேறு எந்த எழவும் வேண்டாம்.

இந்த நேரம் பார்த்து, என் வீட்டுக்காரரோடு ஏசி வேலை பார்க்கிற அண்ணாச்சி ஒருத்தர் ஏதோ வாரப் பத்திரிகையை மடித்துக்கொண்டு வந்தார். நித்தியகல்யாணியிலிருந்துதான் வெள்ளைக்காரன் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறானாம். நாம்தான் அதைச் சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்கி வைத்துவிட்டோமாம். அதில் பொய் இல்லை, அதுதான் வினையே. முழுப் பொய்யாக இருந்திருந்தால் செருப்பைக் காட்டி அனுப்பியிருப்பேன்.

அந்தச் செடிக்கு இங்கே என்ன பஞ்சம்? முனிசிபாலிட்டிக்காரன் நாலு ரோடு கூடுகிற ரவுண்டபவுட் முழுக்க ரோஸும் வெள்ளையுமாக நட்டு, சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் பண்ணிப் பாய்ச்சுகிறான். வீட்டுக்காரர் டூட்டி முடிந்து வரும் வழியில் கம்பெனி பிக்கப்பை ஓரங்கட்டி, வேரோடு பிடுங்கி ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். வாய்க்கு வந்தபடி ஏசினேன். சரி, கஷாயம் போடவில்லை என்றார். நம்பினேன், மடச்சி.

மூன்றாவது கீமோ நெருங்கும்போது, தினமும் காலையில் சுக்குக் காபி என்று ஒன்று போட்டுத் தந்தார். கசந்தது. கீமோ போட்ட நாக்குக்குப் பச்சைத் தண்ணீரே கசக்கும், பேசாமல் குடித்தேன். நாலாம் நாள் பிடித்த வாந்தி நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளை அணு அதலபாதாளத்தில் கிடந்தது. கீமோ கிடையாது, ஏறட்டும் பார்க்கலாம் என்றுவிட்டார்கள். புதிதாக என்ன சாப்பிட்டாய் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றேன். அப்போது பக்கத்தில் நின்ற இவர் முகத்தைப் பார்த்தேன்.

"சுக்குக் காபியில என்ன போட்டீங்க?"

சொன்னார். டாக்டரம்மா சத்தம் போடவில்லை. அந்தச் செடியிலிருந்து மருந்தைத் தனியே பிரித்து, ஆளின் எடை உயரம் பார்த்து அளந்து ஊசியில் ஏற்றுகிறோம், நீ சட்டியில் கொதிக்க வைத்ததில் எவ்வளவு இறங்கியது என்று உனக்குத் தெரியுமா என்று இந்தியில் கேட்டார்.

வந்த ஆத்திரத்துக்கு அந்த மனுஷனை அங்கேயே கொன்றிருப்பேன். வராந்தாவுக்கு இழுத்துவந்து, அண்ணாச்சி சொன்னால் பெண்டாட்டிக்கு விஷம் வைப்பீர்களா என்று கேட்டேன். நர்ஸுகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். இவர் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினார். நான் விடவில்லை, பின்னாலேயே போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே குடலைப் பிடுங்குகிற மாதிரி வாந்தியெடுக்கிற சத்தம்.

முகம் கழுவிக்கொண்டு வந்தவர் சுவரைப் பிடித்து நின்றார். "உனக்குக் குடுக்க முன்னாடி ஒரு வாரம் நான் குடிச்சுப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல. அதனாலதான் குடுத்தேன். அப்பவும் நிறுத்தாம கூடவே குடிச்சேன்."

இதைக் கேட்டு மனசு இளகியிருக்க வேண்டாமா என்று பிற்பாடு பலபேர் கேட்டார்கள். இளகவில்லை. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"நான் செத்தாலும் பிள்ளைக்கு நீங்க இருக்கீங்கன்னுதான் இத்தனை நாளும் தைரியமாக் கிடந்தேன். உங்களை யாரு குடிக்கச் சொன்னா?"