தேதி போடாத அறிக்கை

சிறார் நீதிமன்றத்தில் நன்னடத்தை அலுவலராக அந்த அம்மாவுக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். பாலியல் குற்றம் செய்த பிள்ளைகளிடம் பேசி, மறுபடியும் செய்யும் அபாயம் குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. மாலையில் வீடு திரும்பினால் கணவர் ஒன்றும் கேட்கமாட்டார். டீயைக் கையில் கொடுத்துவிட்டு டிவி சத்தத்தைக் குறைப்பார்.

ஒருநாள் ஒரு தாய் வந்து நின்றார். அவருடைய மகன் பதினாலு வயதில், பெரியப்பாவின் ஏழு வயது மகளிடம் தவறாக நடந்துகொண்டவன். 'அபாயம் அதிகம்' என்று அப்போது எழுதியவர் இதே அலுவலர்தான். இப்போது அவனுக்குப் பதினேழு. தொழிற்பயிற்சியில் சேரப் போன இடத்தில் அந்த அறிக்கையைக் காட்டியே கையை விரித்துவிட்டார்கள்.

"உங்க கையெழுத்துதானேம்மா இது?"

"என்னுதுதான். ஆனா மூணு வருஷத்துக்கு முந்தின பையனைப் பத்தி எழுதுனது."

அந்த வயதில் ஆறு மாதத்துக்குள் ஆளே மாறிப்போவான். அது தெரிந்தும், அறிக்கை எந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதாமல் விட்டது அவர் தப்பு.

மறுபடி ஐந்து நாள் அவனோடு உட்கார்ந்தார். முதல் நாள் தரையையே பார்த்தான். மூன்றாம் நாள், "அவ பொய் சொல்றான்னு சொன்னேன்ல, நான்தான் பொய் சொன்னேன்" என்றான். சிகிச்சைக்கு ஒழுங்காகப் போயிருந்தான். கால்பந்துக் கூட்டாளிகள் இருந்தார்கள். ஆனால் அவன் தாய் தங்கள் வீட்டிலேயே சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார்.

"டியூஷனை வேற இடத்துக்கு மாத்திடுங்க."

"அப்ப எங்க பொழப்பு?"

"கஷ்டம்தாம்மா. ஆனா அதை எழுதாம விட முடியாது."

'நடுத்தரம். சிறு குழந்தைகளுடன் தனியே இருக்கக் கூடாது. ஓராண்டுக்கு மட்டும் செல்லும்' என்று எழுதினார். நீதிபதி ஏற்றுக்கொண்டார். தொழிற்பயிற்சியில் இடம் கிடைத்தது.

மறுவாரம் பெரியப்பா வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எம் பொண்ணு இன்னும் தனியா தூங்க மாட்டேங்கிறா. இவனுக்கு மட்டும் ஆளாளுக்கு உக்காந்து பேசுறீங்க."

"பாப்பாகிட்ட யாரு பேசுறாங்க?" என்று அலுவலர் மெல்லக் கேட்டார்.

"கேஸ் முடிஞ்சப்புறம் யாரு கூப்பிட்டா?"

அன்றே நாலு இடத்துக்குப் போன் போட்டு, குழந்தைகளுக்கான ஆலோசகர் ஒருவரைப் பிடித்தார். செவ்வாய்தோறும் சிறுமி போனாள். எட்டு மாதம் கழித்து அவள் அம்மா போன் செய்து, "இப்ப அவ ரூம்லயே படுத்துக்கிறா" என்று மட்டும் சொன்னார்.

பையன் பயிற்சியை முடித்து லேத் பட்டறையில் சேர்ந்தான். புதிதாகப் புகார் ஏதும் வரவில்லை. பெரியப்பா இன்றும் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அலுவலர் ஒதுங்கி வழிவிடுவார்.