காதில் மட்டும் கேட்ட கிடார்

ஒரு கம்பி அறுந்ததால்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அது அறுந்திருக்காவிட்டால் இன்றைக்கும் ஞாயிறு தவறாமல் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகி வாசித்துக்கொண்டிருப்பேன்.

என் அண்ணன் எங்கள் ஊரில் சாரம் பகுதியில் ஒரு சபையில் ஆராதனை நடத்துகிறான். பாஸ்டர் பிரசங்கத்துக்கு வருவதற்கு முன் முக்கால் மணி நேரம் பாட்டு ஓடும், அதற்கு அவன்தான் தலைவன். பழைய கீர்த்தனை அல்ல. டிரம்ஸ், கீபோர்டு, பேஸ், எலக்ட்ரிக் கிடார், கறுப்பு அடித்த சுவர், கலர் விளக்கு, பின்னால் பெரிய திரையில் பாட்டின் வரிகள். அந்த எலக்ட்ரிக் கிடார் நான். நாற்பதைத் தாண்டிய ஒருத்தி, உழவர்கரையில் ஒரு தனியார் கல்லூரி ஆபீசில் வேலை பார்க்கிறவள், இரண்டு பிள்ளை பெற்றவள், தோளில் கிடாரை மாட்டிக்கொண்டு மேடையில் நிற்பது எங்கள் ஊருக்குக் கொஞ்சம் வேடிக்கைதான். முதலில் வேடிக்கை பார்த்தவர்கள் போகப் போகக் கையை உயர்த்தி அழுதார்கள். என் வாசிப்புக்குத்தான் அழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவருடைய பென்சனில் அண்ணனுக்கு வாங்கிய கிடாரை, அவன் மத்தியானம் தூங்கும்போது திருட்டுத்தனமாக எடுத்துப் பழகியவள் நான். அவனுக்குப் பாட்டு வந்தது, எனக்குக் கிடார் வந்தது. பங்குக் கோயில் பூசையில் பல வருஷம் அவன் பாட, நான் வாசித்தேன். பிறகு அவன் கோயிலை விட்டு இந்தச் சபைக்குப் போனான். அம்மா அதை அல்லேலூயா கம்பெனி என்பாள். அவன் போனதைக்கூட ஒருவாறு தாங்கிக்கொண்டாள். ஒருநாள் என் வீட்டுக்கு வந்து என்னையும் கூப்பிட்டான்.

"கம்பெனிக்கு ஆள் சேக்க வரல. நீ வாசிச்சாதான் என் பாட்டுக்கு உசுரு" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்குப் போனேன். அம்மா மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. என் வீட்டுக்காரர் இந்தப் பஞ்சாயத்துக்குள் வரவில்லை, கிடார் பையை ஸ்கூட்டரில் ஏற்றிக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது.

இந்த மாதிரி சபைகளில் மேடையில் கிடார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி வைப்பதில்லை. சத்தம் குழம்பிவிடுமாம். கிடாரிலிருந்து வரும் ஒயர் நேராக மிக்சருக்குப் போய்விடும். அங்கிருந்து அது இரண்டாகப் பிரியும். ஒன்று பெரிய ஸ்பீக்கர் வழியாக ஜனங்களுக்கு. இன்னொன்று நாங்கள் காதில் மாட்டியிருக்கும் கருவிக்கு. அந்தக் கருவி காதை அடைத்துவிடும், வெளிச்சத்தம் உள்ளே வராது. ஒவ்வொருவர் காதிலும் தனித்தனிக் கலவை ஓடும். என் காதில் டக் டக் என்று தாளமும், அண்ணன் குரலும், எல்லாவற்றையும் விடத் தூக்கலாக என் கிடாரும். ஆள் இல்லாத வாத்தியங்களை முன்னாலேயே பதிவு செய்து லேப்டாப்பில் ஓட விடுவார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை, எல்லா இடத்திலும் செய்கிறார்கள். லேப்டாப்பில் எது ஓட வேண்டும், யார் காதில் எது கேட்க வேண்டும் என்பதெல்லாம் அண்ணன் பொறுப்பு. நான் ஏன் கேள்வி கேட்கப்போகிறேன்? கூடப்பிறந்தவன்.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பாட்டு செய்தோம். மெட்டு அவனுடையது. இரண்டாம் சரணத்துக்குப் பிறகு பாட்டு அடங்கி, கிடார் மட்டும் தனியாக மேலே ஏறும் ஓர் இடம் உண்டு, அது என்னுடையது. குக்கர் விசிலுக்குக் காத்திருந்த நேரங்களில் அடுப்படி மேடைமேல் உட்கார்ந்து கண்டுபிடித்தது. வாசித்துப் போனில் அவனுக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டு அழுதுவிட்டதாகச் சொன்னான். அது பொய்யில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதனால்தான் இன்னும் ஆறவில்லை.

எங்கள் ஊர் கதிர்காமத்திலிருந்து ஓர் அம்மா வருவார். அவர் கணவர் அங்கே பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, இந்தப் பாட்டைத்தான் போனில் போட்டுத் தலைமாட்டில் வைப்பாராம். பிழைத்து வந்துவிட்டார். ஒவ்வொரு வாரமும் ஆராதனை முடிந்ததும் அந்த அம்மா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அந்த வாரம் முழுவதும் ஆபீசில் யார் என்ன சொன்னாலும் எனக்கு உறைக்காது.

யூடியூபிலும் போட்டுக் கேட்பேன். என் கையா இவ்வளவு சுத்தமாக வாசிக்கிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும். மிக்சரில் இருப்பவரின் கைவண்ணம் என்று நினைத்து அவரை ஜெபத்தில் நினைத்துக்கொள்வேன். காதில் பூச்சுற்றுவது என்பார்கள். எனக்குச் சுற்றிய பூவுக்கு நானே தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன்.

ஆகஸ்டில் மாதா தேர்பவனி வந்தது. அம்மா கொஞ்சம் இறங்கி வந்து, "இந்த ஒரு நாள் எங்கூட நடந்து வாடி" என்று கேட்டாள். அவளுக்கு முழங்கால் வலி, பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அன்று மாலை சபையில் சவுண்டு செக். நான் வர முடியாது என்று சொல்லிவிட்டேன். அம்மா பக்கத்து வீட்டுக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு தேருக்குப் பின்னால் நடந்தாள். நான் சாரத்தில் மேடையில் நின்று ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். எந்தச் சவுண்டை எவன் செக் பண்ணினானோ.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. எங்கள் பாட்டு. என் இடம் வந்தது, கிடார் ஏறத் தொடங்கியது, மேல்கம்பி பட்டென்று அறுந்து கன்னத்தில் அடித்தது. ஒரு கம்பி போனால் என் கிடாரில் மற்றக் கம்பிகளும் சுருதி கலைந்துவிடும். அபஸ்வரம் காதைக் கிழித்தது. சட்டென்று வால்யூமை அடைத்தேன். பாட்டின் நடு நெஞ்சில் ஓட்டை விழுந்துவிட்டதே, ஹாலில் எப்படிக் கேட்கிறதோ என்று பதறி, காதுக்கருவியைப் பிடுங்கினேன்.

கிடார் ஓடிக்கொண்டிருந்தது.

எக்கோவின் மிச்சமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். மிச்சம் அவ்வளவு நேரம் ஓடாது. என் அடுப்படியில் பிறந்த அதே ஸ்வரங்கள் ஒன்றுகூடத் தப்பாமல், வேறு யாருடைய கையிலிருந்தோ, ஹால் முழுக்க நிறைந்து மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஜனங்கள் கையை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். அறுந்த கம்பி தொங்கும் கிடாரோடு நான் நின்றேன். பக்கத்தில் பேஸ் வாசிப்பவர் என்னைப் பார்த்தார், உடனே தலையைக் குனிந்துகொண்டார். டிரம்ஸ்காரரும் பார்க்கவில்லை. அண்ணன் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தான். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இவர்கள் எல்லோருக்கும் காதில் அந்தக் கிடார் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வாராவாரம் ஆராதனைக்கு முன் கைகோத்து என்னோடு ஜெபம் பண்ணியவர்கள்.

முடிந்ததும் கதிர்காமத்து அம்மா வந்தார். வழக்கம்போல என் கையைப் பிடித்தார்.

"இன்னிக்கி இன்னும் நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லி, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அவர் கண் ஈரம் என் விரலில் பட்டது. செத்துவிடலாம் போல இருந்தது.

ஞாயிறு மத்தியானம் எங்களுக்கு அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. அன்றும் போனேன். அண்ணி பிரியாணி கிளறிக்கொண்டிருந்தாள், பிள்ளைகள் டிவி முன்னால் இருந்தார்கள். அவனை மாடிக்குக் கூப்பிட்டுப்போய்க் கேட்டேன். மறுக்கவில்லை. ஈஸ்டரிலிருந்தே இப்படித்தானாம். ஈஸ்டர் ஆராதனையில் நான் இரண்டு இடத்தில் தாளத்துக்குப் பின்னால் விழுந்தேனாம். பிரான்சிலும் துபாயிலும் உட்கார்ந்து லைவ் பார்க்கிறவர்கள் குறை சொன்னார்களாம். என்னை இறக்கிவிடலாம் என்று பேச்சு வந்ததாம். இவன்தான் என்னைக் காப்பாற்றினானாம். சென்னையில் ஓர் ஆளை வைத்து என் பாகத்தை எல்லாப் பாட்டுக்கும் வாசித்துப் பதிவு செய்து, ஹாலில் என் ஒயரை அடைத்துவிட்டு, என் காதில் மட்டும் என்னை ஓட விட்டிருக்கிறான்.

"சொன்னா நீ தாங்க மாட்ட. அதான் சொல்லல" என்றான்.

"ரெண்டு எடம்தானண்ணா. சொல்லியிருந்தா ஒரு வாரத்துல சரி பண்ணியிருப்பேனே."

அதை விட்டுவிட்டு, நான் மேடையில் நிற்பதே ஒரு ஊழியம்தான், என்னைப் பார்த்துத்தான் எத்தனை பெண்பிள்ளைகள் சபைக்கு வருகிறார்கள் என்று தொடங்கினான். போதும் என்றேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அது அவனுக்குத் தெரியும், பேச்சை நிறுத்திவிட்டான். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இறக்கிவிட்டிருந்தால் ஒரு மாதம் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டு, வலிக்கக் கூடாது என்றுதான் மெதுவாக அறுத்தேன் என்கிறான். பிரியாணியைச் சாப்பிடாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் சபைக்குப் போகவில்லை. ஞாயிறு காலையில் அம்மாவோடு பூசைக்குப் போனேன். திரும்பும்போது ஒரு டப்பா இட்லி மாவு கொடுத்தாள். கதிர்காமத்து அம்மா மட்டும் யாரிடமோ நம்பர் வாங்கிப் போன் செய்து, உடம்புக்கு என்னம்மா என்று கேட்டார். கைவலி என்று சொல்லிவைத்தேன்.

சில வாரம் கழித்து, பார்க்கக் கூடாது என்று வைத்திருந்த லைவைப் பார்த்துவிட்டேன். என் இடத்தில் அண்ணன் மகள் நின்றுகொண்டிருந்தாள். காலேஜில் படிக்கிற பெண். வெள்ளைக் குர்தா, தோளில் புதுக் கிடார், மூடிய கண். பாட்டு அடங்கியது, கிடார் தனியாக மேலே ஏறியது. என் ஸ்வரங்கள். அவளுடைய இடது கை அந்த ஸ்வரங்கள் இருக்கும் பக்கமே போகவில்லை, எங்கேயோ கீழே தடவிக்கொண்டிருந்தது. பெற்ற மகளையும் இப்படி நிற்க வைத்துவிட்டானே பாவி என்று வாய்விட்டே சொன்னேன். இவள் காதிலும் இவள் வாசிப்பதுதான் கேட்டுக்கொண்டிருக்கும். இவள் கையையும் யாராவது கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

சாயங்காலம் அவளே போன் செய்தாள்.

"அத்த, லைவ் பாத்தீங்களா? எப்டி இருந்தேன்?"

நல்லா இருந்தே என்று சொல்லத்தான் வாய் வந்தது. பேஸ்காரரின் குனிந்த தலை ஞாபகத்துக்கு வந்தது. என்னிடம் ஒருவராவது சொல்லியிருக்கலாம் என்று எத்தனை நாள் பொருமியிருக்கிறேன். இப்போது தெரிந்தவள் நான். நானும் தலையைக் குனிந்துகொண்டால் எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"ஒன்னு சொல்றேன், மனசு ஒடஞ்சிடாத கண்ணு. நீ வாசிக்கிறது வெளிய யாருக்கும் கேக்கலம்மா" என்றேன்.

அவள் சிரித்தாள்.

"அது தெரியும் அத்த. ஒயரே சொருகலயே. அப்பா மொதல்லயே சொல்லிட்டாரு, ட்ராக்கு ஓடும், நீ சும்மா நின்னா போதும்னு." பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கும் சொல்லிட்டுத்தான் நிக்க வெச்சாருன்னு நெனச்சேன் அத்த" என்றாள்.

ஆமாம் என்றேனா இல்லை என்றேனா, நினைவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். சொல்லத் தெரியாதவன் என்றுதான் அதுவரை அண்ணனைப் பற்றி மனசின் ஒரு மூலையில் சமாதானம் வைத்திருந்தேன். அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்கிறது. மகளிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கிறான்.